அளவுமுள் இல்லாத கருவி

கோயம்புத்தூரின் வார்ப்பாலைகளிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்கி இரவு நேரங்களில் புறப்படும் லாரிகளில், பம்புகளுக்கும் வால்வுகளுக்கும் உரிய இரும்பு வார்ப்படங்கள் மரப் பேலட்டுகளின்மேல் அடுக்கப்பட்டு, குறுக்கும் நெடுக்குமாக இரும்புப் பட்டைகளால் கட்டுண்டு செல்வதைக் கண்டிருப்போர் பலர். அந்தப் பட்டைகளை இறுக்கியவர் யார், எதைக் கொண்டு இறுக்கினார் என்று ஒரு கணமேனும் எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், மதுரை ஆகிய ஊர்களைக் கடந்து சுமார் 350 கிலோமீட்டர் ஓடும் அந்த லாரி, எத்தனையோ வேகத்தடைகளில் ஏறி இறங்கி, எத்தனையோ முறை திடீரென நின்று, வளைவுகளில் சாய்ந்து நிமிர்ந்து துறைமுகத்தை அடையும் வரையில், ஒரு டன் எடையுள்ள இரும்பைச் சிதறாமல் ஒரே உருவாகப் பிடித்து நிற்பது அந்த மெல்லிய பட்டைதான். லாரியின் பின்னால் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் வருகிற மனிதரின் உயிரும், அவர் அறியாமலே, அந்தப் பட்டையின் இறுக்கத்தை நம்பித்தான் இருக்கிறது.

அந்த இறுக்கத்தைத் தருவது டென்ஷனர் என்று தொழிலாளர் அழைக்கும் ஒரு கைக்கருவி. ஒரு முழத்துக்குள் அடங்கும் நீளமும் சில கிலோ எடையும் கொண்ட இக்கருவிக்கு மின்சாரம் வேண்டாம், காற்றழுத்தம் வேண்டாம். மனிதக் கையின் பலம் ஒன்றே போதும். ஆனால் பட்டை எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் அளவுமுள் அதில் கிடையாது. அந்த அளவை அறிவது கைப்பிடியைப் பற்றியிருக்கும் உள்ளங்கையும், அதைத் தள்ளுகிற தோளுமே. ஆகையால், அளவுமுள் இல்லாத ஒரு கருவியைத் தொழிலாளியிடம் ஒப்படைக்கிற முதலாளி, அந்தத் தொழிலாளியின் கையையே அளவுகோலாக ஏற்றுக்கொள்கிறார். அவ்வாறு ஏற்றுக்கொண்ட பிறகு, அந்தக் கைக்குப் பயிற்சியையும், அந்தக் கருவிக்குப் பராமரிப்பையும், அவ்விரண்டுக்கும் வேண்டிய நேரத்தைக் கூலியோடும் அளிப்பது அவருடைய கடமையாகிறது. இது தயவு தாட்சண்யத்தைச் சேர்ந்த விஷயமன்று என்பதே நான் இங்கே வற்புறுத்த விரும்புவது.

கருவியின் அமைப்பு எளிமையானது. சரக்கைச் சுற்றிவந்த பட்டையின் இரு பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இடத்தில் கருவியின் பாதத்தை நுழைத்து வைத்தால், கீழே உள்ள பட்டையை ஒரு பற்பிடி அசையாமல் கவ்விக்கொள்ளும். மேலே உள்ள பட்டையின்மீது ஒரு சிறிய பற்சக்கரம் அழுந்தும். கைப்பிடியை முன்னும் பின்னுமாக அசைக்க அசைக்க, அச்சக்கரம் சிறுகச் சிறுகத் திரும்பி மேற்பட்டையை இழுக்கிறது. ஒவ்வோர் இழுப்பின் முடிவிலும் ராட்செட்டின் பல்லில் ஒரு சிறு நாக்கு ‘டக்’ என்று விழுந்து, பெற்ற இறுக்கத்தைத் திரும்ப நழுவவிடாமல் காக்கிறது. போதிய இறுக்கம் வந்தவுடன், இரண்டு பட்டைகளையும் தழுவுமாறு ஒரு கிளிப்பை மாட்டி, சீலர் என்னும் நீண்ட கைகளையுடைய மற்றொரு கருவியால் அதை நெரித்துப் பூட்டி, அதன் பின்னரே டென்ஷனரைத் தளர்த்தி வெளியே எடுக்க வேண்டும். ஐந்தாறு நிமிஷத்தில் எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய கிரமம் இது. ஆனால் ‘போதிய இறுக்கம்’ என்ற அந்த இரண்டு சொற்களைக் கற்றுக்கொள்ளப் பல மாதங்கள் ஆகும்.

ஏனெனில் போதாமையும் குற்றம், மிகையும் குற்றம். 19 மில்லிமீட்டர் அகலமும் 0.8 மில்லிமீட்டர் கனமும் கொண்ட சாதாரண இரும்புப் பட்டை, ஏறத்தாழ 1,200 கிலோ எடைக்கு நிகரான இழுப்பைத் தாங்கி அதற்குமேல் அறுந்துபோகும். ஆனால் சங்கிலியின் பலம் அதன் பலவீனமான கண்ணியில் இருப்பதைப்போல, கட்டின் பலம் கிளிப் பூட்டிய இணைப்பில் இருக்கிறது. செம்மையாகப் பூட்டிய இணைப்பிலும் பட்டையின் பலத்தில் முக்கால் பங்கைத்தான் எதிர்பார்க்கலாம். பேலட்டின் மரம் இறுக்கத்தில் லேசாக முனகத் தொடங்குவதையும், மூலைகளில் வைத்த தகட்டுக் காப்புகள் அசைவின்றிப் படிந்துவிடுவதையும், கைப்பிடியின் எதிர்ப்பு ஒவ்வோர் அசைவிலும் கூடிக்கொண்டே வந்து ஒரு நிலையில் சட்டெனக் கனத்துவிடுவதையும் உணர்ந்து, இதற்குமேல் வேண்டாம் என்று நிறுத்துகிற விவேகம் எந்த விளம்பரத் தாளிலும் எழுதிக் கொடுக்க முடியாத ஒன்று. அந்த இடத்தில் நிறுத்தத் தெரியாதவன் பலகையை நசுக்குவான், அல்லது பட்டையை அறுப்பான். அதற்கு முன்பே நிறுத்திவிட்டவனோ, பார்ப்பதற்குக் கட்டுப்போலத் தோன்றும் ஓர் அலங்காரத்தைச் செய்து அனுப்புவான்.

அந்த அலங்காரம் சாலையில் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே சொல்லலாம். சர்வதேசக் கடல்சார் அமைப்பும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும், ஐரோப்பாவுக்கான ஐக்கிய நாடுகள் பொருளாதார ஆணையமும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட சரக்கேற்ற நெறிமுறை, சாலைப் பிரயாணத்தில் முன்னோக்கிய திசையில் சரக்கின் எடையில் 0.8 பங்கும், பக்கவாட்டில் 0.5 பங்கும் விசையாக எழக்கூடும் என்று கொண்டு, அதற்கு ஏற்பச் சரக்கைக் காக்கச் சொல்கிறது. அதாவது, ஓட்டுநர் அவசரமாகப் பிரேக்கை மிதிக்கும் அந்த நொடியில், ஒரு டன் வார்ப்படம் 800 கிலோ பலத்தோடு முன்னே பாய முயல்கிறது. இந்த இடத்தில் சாமான்யர் பலரும், தொழிலில் உள்ளவர் சிலருங்கூடக் குழப்பிக்கொள்ளும் ஒரு பேதத்தைத் தெளிவாக்க வேண்டும். பட்டை, சரக்கைப் பேலட்டோடு சேர்த்து ஒரே உடலாக்குகிறது. அந்த உடலை லாரியின் தளத்தோடு பிணைப்பது வேறு கட்டு, அதற்குரிய சங்கிலியும் நாடாவும் வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. முதற்கட்டு தளர்ந்திருந்தால் இரண்டாவது கட்டு எவ்வளவு பலமாக இருந்தும் பயனில்லை. கட்டப்பட்ட மூட்டையே உள்ளுக்குள் கலைந்துபோகும்போது வெளிக்கயிறு எதைப் பிடித்து நிறுத்தும்?

கருவியைத் தேர்ந்தெடுப்பதிலும் சிரத்தை வேண்டும். நான் மேலே வருணித்த பற்பிடிக் கருவி, தன் பாதத்தைப் பட்டைக்கும் சரக்குக்கும் இடையே வைத்துக்கொள்வதால், பரந்த சமதளமுள்ள சரக்குக்கே ஏற்றது. உருண்டையான குழாய்க் கட்டுகளுக்கும், ஒழுங்கற்ற வடிவமுள்ள பொருள்களுக்கும், கிளிப்பையே முட்டுக்கொடுத்துத் தள்ளி இறுக்குகிற வேறு வகைக் கருவி இருக்கிறது. அதைப் பயன்படுத்தும்போது கிளிப்பை முன்னதாகவே பட்டையில் கோத்து, பட்டையின் நுனியை அதன் அடியில் மடக்கிவிட வேண்டும். பட்டையிலும் பேதம் உண்டு. இரும்புப் பட்டை அதிகம் நீளாது. ஆகவே அசையாத, அமுங்காத வார்ப்படங்களுக்கு அது உகந்தது. பிரயாணத்தில் அமிழ்ந்து ஒடுங்கக்கூடிய சரக்கிலோ, சரக்கு ஒடுங்கியதும் இரும்பு தொளதொளத்துப் போகும். ரப்பரைப்போல ஓரளவு நீண்டு மீளும் பாலியெஸ்டர் பட்டையே அங்கே பிடிப்பை விடாமல் தொடரும். ஆனால் இரும்புப் பட்டைக்கென்று கூர்மையாக வெட்டப்பட்ட பற்களையுடைய டென்ஷனரைப் பிளாஸ்டிக் பட்டையில் பிரயோகித்தால், அந்தப் பற்கள் இழைகளைக் கிழித்து, கட்டும்போதே கட்டின் ஆயுளைப் பாதியாக்கிவிடும். கையில் கிடைத்த கருவியைக் கொண்டு கண்ணில் கண்ட பட்டையை இறுக்கும் வழக்கம் இங்குதான் ஒழிய வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஊரின் வெளிப்புறத்தில் இருந்த ஒரு வார்ப்பாலையின் பேக்கிங் கொட்டகையில் நான் கண்ட காட்சி ஒன்று இன்னும் என் மனத்தைவிட்டு அகலவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன இளைஞன் ஒருவன் டென்ஷனரின் கைப்பிடியை அசைத்துக்கொண்டிருந்தான். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை பற்சக்கரம் பட்டையின்மேல் வழுக்கி, பெற்ற இறுக்கம் முழுவதும் போய்க்கொண்டிருந்தது. தன் பலந்தான் போதவில்லை என்று எண்ணிய அவன், மூலையில் கிடந்த ஒரு குழாய்த் துண்டைக் கைப்பிடியில் சொருகி, நெம்புகோலை நீளமாக்கிக்கொண்டு, உடம்பின் எடை முழுவதையும் அதன்மேல் சாய்த்தான். அடுத்த கணம் பட்டை பற்பிடியிலிருந்து விடுபட்டு, சாட்டையைப்போலச் சுழன்று, அவன் காதோரத்தைக் கீறிக்கொண்டு பின்னாலிருந்த தூணில் போய் மோதியது. இரண்டு விரற்கடை இப்பால் வந்திருந்தால் அந்தப் பிள்ளை ஒரு கண்ணை இழந்திருப்பான்.

ஓடிவந்து அவனை உட்காரவைத்து, காயத்தைத் துடைத்துவிட்ட முதிய தொழிலாளி ஒருவர், கோபமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. கருவியை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, பற்சக்கரத்தின் இடுக்குகளில் பட்டையின் மேற்பூச்சு துகள்துகளாக உதிர்ந்து, எண்ணெயோடு குழைந்து, களிமண்ணைப்போல அடைத்துக்கொண்டிருந்ததை அவனுக்குக் காட்டினார். “பல்லு வெளக்காம சோறு திம்பியா கண்ணு? இதுக்கும் பல்லு இருக்குதல்ல” என்று சொல்லிவிட்டு, ஒரு கம்பி பிரஷ்ஷை எடுத்து அந்தப் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்க்கத் தொடங்கினார். அதே கருவி, குழாய்த் துண்டு எதுவும் இல்லாமல், அதே பட்டையைச் சில இழுப்புகளில் கல்லைப்போல இறுக்கியதை நான் பிரத்யட்சமாகக் கண்டேன். குறை அந்தப் பிள்ளையின் பலத்தில் இருக்கவில்லை. கருவியின் பற்களைத் துலக்க வேண்டும் என்று அந்த ஒரு வாரத்தில் அவனுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்காததே குறை.

அந்தப் பெரியவர் செய்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. எந்தப் பட்டறையிலும் செய்யக்கூடிய காரியந்தான். நாள்தோறும் வேலை தொடங்குமுன் பற்சக்கரத்தையும் பற்பிடியையும் கம்பி பிரஷ்ஷால் துலக்கி, பல் மழுங்கியிருக்கிறதா, ஓரம் உடைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ராட்செட்டின் நாக்குக்கும், அச்சுகள் திரும்பும் இடங்களுக்கும் சில துளி எண்ணெய் விட வேண்டும். பட்டையைக் கவ்வுகிற பற்களின்மேல் ஒரு துளியும் படக்கூடாது. வழுக்குவதற்காக எண்ணெயும் வழுக்காமலிருப்பதற்காகப் பற்களும் ஒரே கருவியில் அருகருகே அமைந்திருப்பதால், எங்கே எது வேண்டும் என்ற ஞானமே பராமரிப்பின் சாரம். பட்டை இல்லாமல் வெறுங்கருவியின் கைப்பிடியை ஆட்டி விளையாடுவதும் கூடாது. பற்சக்கரம் பற்பிடியின்மேல் நேராக உராய்ந்து, இரண்டும் ஒன்றையொன்று மழுங்கடித்துக்கொள்ளும். பற்பிடி தேயத்தான் செய்யும். தேய்வதற்கென்றே, தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட சிறு உறுப்பு அது. முழுக்கருவியின் விலையில் அற்பப் பங்கு கொடுத்து அதை மாற்றிவிடலாம் என்றிருக்க, மழுங்கிய பற்பிடியோடு ஆண்டுக்கணக்கில் மல்லாடுவது சிக்கனம் ஆகாது. சீலரையும் மறந்துவிடக்கூடாது: அதன் தாடைகள் தேய்ந்தாலோ, திருகாணிகள் தளர்ந்தாலோ, கிளிப் நெரிந்ததுபோலத் தோன்றுமேயன்றிப் பட்டையைக் கவ்வியிராது. கருவியைச் சுத்தியலாக்கி ஆணி அடிப்பதும், வேலை முடிந்ததும் தரையில் வீசி எறிவதும் எத்தனை இடங்களில் சர்வசாதாரணமாக நடக்கின்றன! சுவரில் ஓர் ஆணியடித்து மாட்டிவைத்தால் போதுமே.

தொழிலாளியின் உடம்பைக் காக்கும் முறைகளும் இதோடு சேர்ந்தவையே. இறுகிக்கொண்டிருக்கும் பட்டையின் நேர்க்கோட்டில் நிற்காமல் சற்றே விலகி, இரண்டு பாதங்களையும் ஊன்றி நிற்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் ஒருவரும் நிற்கலாகாது. கைப்பிடிக்குக் குழாய் சொருகி நீளம் கூட்டுவது ஒருபோதும் கூடாது. கருவியைச் செய்தவன் ஒரு மனிதக் கையின் பலத்தைக் கணக்கிட்டுத்தான் அந்த நீளத்தை வைத்திருக்கிறான். கட்டை அவிழ்க்கும்போது கடப்பாரையால் நெம்பாமல், அதற்குரிய கத்தரியால், பட்டையை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை விலக்கி வெட்ட வேண்டும். சரக்கைக் கட்டிய பட்டையிலேயே கொக்கியை மாட்டித் தூக்குவதோ உயிரோடு விளையாடுவதாகும். கண்ணுக்கு ஆபத்து நேரக்கூடிய வேலைகளில் தகுந்த கண்ணாடிகளோ தடுப்புகளோ அளிக்கப்பட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 35-ஆவது பிரிவில் வகை செய்தது. முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும் பல கொட்டகைகளில், கண்ணாடி மேலதிகாரி வரும் நாளில் மட்டும் அலமாரியைவிட்டு வெளியே வருவதைக் காண்கையில் மனம் நோகிறது.

இத்தனை எளிய காரியங்கள் ஏன் நடைபெறுவதில்லை? அந்தக் கருவி எவருக்கும் உரியதாக இல்லை என்பதே காரணம் என்று நான் கருதுகிறேன். லேத்துக்கு ஓர் ஆபரேட்டர் இருக்கிறார். அவர் தம் இயந்திரத்தைத் தம் பிள்ளையைப்போலத் துடைத்து வைக்கிறார். உலைக்கு ஒரு மேஸ்திரி இருக்கிறார். ஆனால் பேக்கிங் என்பது, வேறு வேலை தெரியாதவரையும் நேற்று வந்த ஒப்பந்தக் கூலியையும் நிறுத்திவைக்கும் இடமாகப் பெரும்பாலும் கருதப்படுகிறது. டென்ஷனர் இன்று ஒருவர் கையில், நாளை வேறொருவர் கையில், மறுநாள் மழை நீரில். இந்த அலட்சியத்தில் ஒரு பெரும் முரண்பாடு உண்டு. ஏற்றுமதிக்குச் செல்லும் பேலட்டின் மரத்தை, அதன் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டி 30 நிமிஷம் நிலைக்குமாறு சூடாக்கி, பூச்சிகள் மடிந்ததற்கு அடையாளமாக முத்திரை குத்தி அனுப்புவது சர்வதேச முறைகளில் ஒன்று; அந்த முத்திரை இல்லாவிட்டால் அயல்நாட்டுத் துறைமுகத்தில் சரக்கே தடைபடும். மரத்துக்குள் ஒளிந்திருக்கும் புழுவைக் குறித்து இத்தனை ஜாக்கிரதையாக இருக்கிற நாம், அந்த மரத்தோடு இரும்பைப் பிணைக்கும் கருவியின் பல் மழுங்கியிருக்கிறதா என்று வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக் கையெழுத்திடும் ஒரு நோட்டுப் புத்தகத்தைக்கூட வைப்பதில்லை.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. முதலாவது, ஒவ்வொரு டென்ஷனருக்கும் ஓர் எண்ணைப் பொறித்து, அதை ஒரு குறிப்பிட்ட தொழிலாளியின் பொறுப்பில் விட வேண்டும். தன்னுடையது என்ற உணர்ச்சி பிறந்தால் பாதிப் பராமரிப்பு தானே நடந்துவிடும். இரண்டாவது, காலையில் பத்து நிமிஷமும் வாரக் கடைசியில் அரை மணியும், கருவியைத் துலக்கி, எண்ணெயிட்டு, தேய்ந்ததை மாற்றுவதற்கென்று, கூலியில் குறைவின்றி, வேலை நேரத்துக்குள்ளேயே ஒதுக்க வேண்டும். மூன்றாவது, புதிதாக வருகிறவரைக் கைப்பிடியில் நிறுத்துமுன், அனுபவமுள்ள ஒருவரின் அருகில் சில நாள் இருந்து இறுக்கத்தின் கனத்தைத் தம் கையால் அறிந்துகொள்ளச் செய்வதோடு, கற்றுக்கொடுக்கும் அந்த அனுபவசாலியை வெறும் கூலியாகக் கருதாமல் தொழில் தேர்ந்தவராக மதித்து, அதற்குரிய ஊதியத்தையும் அளிக்க வேண்டும்.

இவ்வளவுக்கு நேரம் ஏது என்று சிறு பட்டறை நடத்துகிறவர்கள் கேட்பார்கள். அவர்களுடைய கஷ்டத்தை நான் அறியாதவனல்லன்; லாரி வாசலில் வந்து நிற்க, கப்பலின் தேதி நெருங்க, ஒவ்வொரு நிமிஷமும் பணமாகத் தோன்றும் நிலை அது. ஆனால் வழுக்குகிற கருவியோடு போராடி, ஒரே கட்டை மூன்று முறை அறுத்துக் கட்டுவதில் போகும் நேரத்தை அவர்கள் எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்? பாட்டரியால் இயங்கும் கருவிகள் வந்துவிட்டன, இனிக் கைக்கருவியைப் பற்றிப் பேசுவானேன் என்று வேறு சிலர் கேட்கலாம். அவை நல்ல சாதனங்களே. தோள்வலியைக் குறைக்கும், இறுக்கத்தின் அளவை முன்கூட்டியே நிர்ணயிக்கவும் சில இடங்கொடுக்கும். வாங்கச் சக்தியுள்ளவர்கள் அவசியம் வாங்கட்டும். ஆனால் அவற்றுக்கும் பற்சக்கரம் உண்டு, அந்தப் பற்களிலும் துகள் அடையும், அவையும் தேயும். துலக்கும் வழக்கம் இல்லாத கொட்டகைக்கு விலையுயர்ந்த கருவி வந்தால், அலட்சியத்தின் விலைதான் உயரும்.

சரஸ்வதி பூஜைக்கு மறுநாள், முன்பு நான் சொன்ன அந்த வார்ப்பாலையின் கொட்டகைக்கு நான் மீண்டும் ஒருமுறை போக நேர்ந்தது. முந்திய மாலை கருவிகளையெல்லாம் வரிசையாக வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டுப் பூஜை செய்திருந்தார்கள். டென்ஷனரின் பற்சக்கரத்தின்மேலும் பக்தியோடு அப்பிய சந்தனம் உலர்ந்து, இடுக்குகளில் இறுகியிருந்தது. காலையில் முதல் லாரிக்குக் கட்டுத் தொடங்குமுன், காதோரத்தில் பழைய தழும்போடு இருந்த அந்த இளைஞன், கருவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கம்பி பிரஷ்ஷால் அந்தச் சந்தனத்தைப் பல் பல்லாகத் தேய்த்து எடுத்தான். எடுத்து முடித்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். திருப்தியடைந்த பிறகே பட்டையைத் தொட்டான். முதல் நாள் செய்த பூஜைக்கும் மறுநாள் அவன் செய்த காரியத்துக்கும் பேதம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பத்து நிமிஷத்தை அவனுக்கு அளிக்கிற மனம் நம் தொழில் நடத்துவோருக்கு வருமானால், அன்றிரவு பழனிச் சாலையில் அந்த லாரியின் பின்னால் வரும் முகம் தெரியாத குடும்பம் ஒன்று வீடு போய்ச் சேரும்.